கேரித் தீவில் படகேற்றிய ஞாயிறு

பேசியே பிழைப்பவள் நான். வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு நண்பகலில், பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், பிரேக்கை மிதித்த காலை எடுக்கவும் முடியாமல், வாயைத் திறக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லர்மேல் 17 அடிப் படகு. படகுக்குப் பின்னால், இடுப்பளவு தண்ணீரில், என் அப்பா.

வண்டி பின்னோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், அது நடந்த இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

தீவு என்று தெரியாத தீவு

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேரித் தீவை அடைந்துவிடலாம். எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலையில் வந்து தெலுக் பங்லிமா காராங்கில் இறங்கி, லங்காட் ஆற்றின்மீது உள்ள பாலத்தைக் கடந்தால் தீவு. பாலத்தைத் தாண்டியது தெரியாமலேயே பலர் உள்ளே வந்துவிடுவார்கள். கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. இடையிடையே தோட்டத்துச் செம்மண் பாதைகள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் பயிரிட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் துரையின் பெயர்தான் தீவுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் மா மெரி பூர்வகுடி மக்கள். சுங்கை பும்புன் கிராமத்துக்குப் போனால், சதுப்பு நிலத்து நீரே பாத்து மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளைப் பார்க்கலாம். முன்னோர் ஆவிகளின் முகங்கள் அவை. மரத்தின் செந்நிறம் முகங்களுக்கு ஓர் உயிரைக் கொடுக்கும்.

நம்மவர்களுக்கும் இந்தத் தீவில் ஒரு பங்கு உண்டு. என் தாத்தா இங்கே தோட்டத் தொழிலாளி. அப்பா பிறந்ததும் இங்கேதான், ஒரு லயத்து வீட்டில்.

தீவின் நிலம் மிகத் தாழ்வானது. கடல் பெருகும்போது தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, கரையைச் சுற்றி மண் அணை கட்டியிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழில் அதற்குப் பெயர் 'பண்டு'. அந்தப் பண்டில் அங்கங்கே மதகுகள் இருக்கும். கடல் வற்றும்போது மதகு திறக்கும், தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும். தாத்தா சில காலம் அந்தத் 'தண்ணிக் கதவு' வேலையில் இருந்தவராம். எனவே கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை அப்பா பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்பே கற்றுக்கொண்டார். எனக்கு அது 35 வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

படகும் ஒரு நண்பரும்

அப்பா லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், ஊழியர் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, நண்பர் ஒருவரோடு பங்கு போட்டு ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். 60 குதிரைத் திறன் இயந்திரம், ஒரு துருப்பிடித்த டிரெய்லர். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அந்த நண்பரை நாங்கள் 'லோரி மாமா' என்று கூப்பிடுவோம். இருவருக்கும் வேலைப் பங்கீடு உண்டு. டிரெய்லரைப் பின்னால் ஓட்டி இறக்குவதும் இழுத்து ஏற்றுவதும் மாமா. தண்ணீரில் நின்று படகைப் பிடிப்பதும் ஓட்டுவதும் அப்பா. போன ஆண்டு மாமா மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு படகு எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா அதன்மேல் துணி காயப்போடத் தொடங்கினார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அப்பா சொன்னார்: "வித்துரலாம்மா. ஒரு ஆளு கேட்டிருக்கான். அதுக்கு முன்ன ஒருவாட்டி தண்ணியில எறக்கிப் பாத்துட்டா நல்லா இருக்கும்."

"யாரு வண்டிய ஓட்டுறது?" என்று கேட்டேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. வெளியே நின்ற என் கணவரின் பிக்கப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இடக்கை, வலக்கை

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு, விடியற்காலை 4.30-க்கு அப்பாவும் நானும் கிளம்பினோம்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னால் போவதில் பெரிய சிரமம் இல்லை. பிரேக்குக்கு அதிக தூரம் விட வேண்டும், வளைவில் அகலமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பின்னால் ஓட்டுவதுதான் பாடம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். கண்ணாடியில் பார்க்கும்போது மூளை குழம்பிவிடும். மாமா அப்பாவிடம் சொல்லி வைத்திருந்த ஒரு வழியை அப்பா எனக்குச் சொன்னார்: "கைய ஸ்டியரிங்கோட அடியில வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கைய நகத்து. கொஞ்சமா நகத்து."

நான்காவது முயற்சியில் டிரெய்லர் நேராக இறங்கியது.

நாங்கள் போனது ஆற்றோரத்தில் உள்ள ஒரு சிறு சிமெண்டுச் சரிவு. படகுக்காரர்கள் 'ரேம்ப்' என்பார்கள். எட்டடிக்கு ஓரடி இறக்கம் இருக்கும். கடல் நிறைந்திருந்ததால் தண்ணீர் ரேம்பின் மேல்பகுதிவரை வந்திருந்தது. டிரெய்லர் விளக்குகளின் இணைப்பைக் கழற்றினோம். படகின் பின்னடியில் உள்ள அடைப்பானைத் திருகி மூடினோம். இதை மறந்து படகை இறக்கி, கண்ணெதிரே அதை மூழ்கவிட்டவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும், அதைச் சட்டென்று தண்ணீரில் விட்டால் உள்ளே உப்புநீரை இழுத்துக்கொள்ளும் என்று அப்பா 15 நிமிடம் ஆறவிட்டார். பிறகு டிரெய்லர் தண்ணீரில் பாதிக்குமேல் மூழ்கியதும் படகு தானாகவே எழுந்து மிதந்தது.

இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். கடல் நிறைந்திருக்கும்போது எல்லாமே சுலபம் என்பது அப்போது உறைக்கவில்லை.

என்னால் வந்த தாமதம்

"ஒம்பதரைக்குத் திரும்பிரணும்" என்று அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை.

ஆற்றுமுகத்தில் சூரியன் எழுந்தபோது கண்டல் மரங்களின் வேர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன. கொக்குகள் சேற்றில் இறங்கின. தூரத்தில் ஜூக்ரா குன்று. பழைய சிலாங்கூரின் அரச நகரம் அதன் அடிவாரத்தில்தான் இருந்தது. அப்பா இரண்டு செனாங்கின் பிடித்தார், நான் ஒரு கெலாமா. நிகழ்ச்சிக்குப் பயன்படும் என்று பறவைச் சத்தம், நீர் படகில் மோதும் சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருந்தேன். "இன்னும் அரை மணி நேரம்பா" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அப்பா சரி என்றார். மாமா இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு காரணம்.

ரேம்புக்குத் திரும்பியபோது மணி 11.50.

கிள்ளான் கடற்கரைப் பக்கம் கடல் ஏறி இறங்கும் அளவு நம் கிழக்குக்கரையைவிட அதிகம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் நான்கு மீட்டர் அளவுக்கு வேறுபாடு இருக்கும். அதாவது ஒரு மாடி உயரத்துக்குமேல். இந்த இறக்கம் ஒரே சீராக நடப்பதில்லை. ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் கொஞ்சம், அடுத்த மணியில் கூடுதல், நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், கடைசியில் மீண்டும் மெதுவாக. எட்டடிக்கு ஓரடி சரிந்த ரேம்பில், ஒரு மீட்டர் தண்ணீர் வற்றினால் எட்டு மீட்டர் சிமெண்டு வெளியே தெரியும். காலையில் நாங்கள் பார்க்காத ரேம்பின் கீழ்ப்பாதி முழுவதும் இப்போது வெயிலில் கிடந்தது. பச்சைப் பசேலென்று, பாசி படிந்து.

பாசிக்குத் தெரியாது அவசரம்

காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு மாலை 4 மணிக்கு நேரடி ஒலிபரப்பு. அப்பாவுக்கு நீரிழிவு. மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். கொண்டுவந்த ரொட்டி 9 மணிக்கே தீர்ந்துவிட்டது.

"ஏத்திரலாம்மா, நான் தள்ளுறேன்" என்றார்.

டிரெய்லரைப் பாசிமேலேயே இறக்கினேன். அப்பா படகை அதன்மேல் செலுத்தி, வின்ச்சைச் சுற்றி மூக்கு ரப்பரில் முட்டும்வரை இழுத்தார். பிறகு தண்ணீரில் இறங்கிப் பின்பக்கம் போய்க் கையைக் காட்டினார். நான் எக்சலேட்டரை மிதித்தேன்.

பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்றன. இன்னும் அழுத்தினேன். கருகிய ரப்பர் வாடை வந்தது. வண்டி நகர்ந்தது. ஆனால் பின்னோக்கி.

கைப்பிரேக்கை இழுத்தேன். பயனில்லை. ஏன் என்று அன்று மாலைதான் புரிந்தது. கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். அந்தப் பின்சக்கரங்கள்தான் பாசியில் இருந்தன. கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். முன்சக்கரங்கள் காய்ந்த சிமெண்டில் இருந்ததால் அவை கவ்விப் பிடித்தன. ஒரு மீட்டர் சரிந்த பிறகு வண்டி நின்றது. பின்னால் ஏதோ 'டம்' என்று இறங்கிய சத்தம்.

கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவைக் காணோம்.

அந்தச் சில விநாடிகளை எழுதுவதற்கு எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. காலை எடுத்தால் வண்டி இறங்கும். எடுக்காவிட்டால் அப்பாவைப் பார்க்க முடியாது. கத்தவும் குரல் வரவில்லை.

பிறகு படகின் இடப்பக்கம் ஒரு கை தெரிந்தது. டிரெய்லர் அசைந்ததுமே அப்பா பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறார். கழுத்துவரை சேறு. "ஒண்ணுமில்லம்மா, கால எடுத்துராத" என்று அவர் சொன்னபோதுதான் நான் மூச்சுவிட்டேன்.

கட்டை வைத்த கை

ஜெட்டியில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். 70 வயது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பெரிய மரக்கட்டைகளைத் தூக்கிவந்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் அடித்து இறுக்கினார். என்னைப் பார்த்து, "ஜாங்கான் தாரேக்" என்றார். இழுக்காதே.

பிறகு அப்பாவைக் கையைப் பிடித்துக் கரையேற்றி, தன் கொட்டகையில் உட்கார வைத்து, பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட கோப்பி ஓவும் கொடுத்தார். அப்பாவின் கை நடுங்கியதை அவர் எப்படிக் கவனித்தார் என்று தெரியவில்லை. தனக்கும் 'கென்சிங் மானிஸ்' இருப்பதாகப் பிறகு சொன்னார்.

நிலைமை இதுதான். ரேம்பின் சிமெண்டு முடியும் இடத்தைத் தாண்டி டிரெய்லரின் ஒரு சக்கரம் சேற்றுக்குள் விழுந்துவிட்டது. ஓரத்தில் சிமெண்டு ஓர் அடி உயரப் படியாக நின்றது. 'ஃபோர் வீல்' போட்டு முரட்டுத்தனமாக இழுத்தால் வண்டி ஏறிவிடலாம். ஆனால் டிரெய்லரின் அச்சு முறியும்.

பெரியவர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். ஒரு மணிக்குத் தண்ணீர் அடிமட்டம். பிறகு ஏறத் தொடங்கும். இரண்டரை மணிக்குப் படகு தானாக மிதக்கும். படகின் பாரம் போய்விட்டால் டிரெய்லர் வெறும் இரும்பு. அதை இழுப்பது சுலபம். "துங்கு ஆயர்" என்றார். தண்ணீருக்குக் காத்திரு.

ஆனால் ஏறும் தண்ணீர் படகோடு பிக்கப்பையும் எட்டும். ஆகவே முதலில் டிரெய்லரின் முன்பகுதியைத் தடித்த கயிற்றால் ஜெட்டித் தூணில் கட்டினோம். பிறகு அதை வண்டியிலிருந்து கழற்றினோம். 'எச் 2'-இல் கிடந்த குமிழைப் பெரியவரே 'எல் 4'-க்குத் திருப்பினார். நான்கு சக்கரமும் மெதுவாகச் சுழன்றன. எக்சலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்க, வண்டி சத்தமில்லாமல் மேலே ஏறிச் சமதளத்தில் நின்றது. அந்தக் குமிழ் காலையிலிருந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நிலையத்துக்கு அழைத்து, என் இடத்தில் சக அறிவிப்பாளரை உட்காரச் சொன்னேன். எட்டு ஆண்டுகளில் முதல் முறை.

மூன்று மணி நேரம்

தெலுக் பங்லிமா காராங்குக்குப் போய் மூவருக்கும் சோறு கட்டிவந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவர் ரசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சாப்பிட்ட பிறகு அப்பா பேசத் தொடங்கினார். மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக்கொண்டு தாத்தா இரவில் தண்ணிக் கதவைப் பார்க்கப் போவாராம். பெருவெள்ள நாளில் கதவில் கட்டை சிக்கி மூடாமல் போனால், விடிவதற்குள் கால்வாய் நிரம்பி லயத்து வாசலுக்கு வந்துவிடும். ஒருமுறை கட்டையை எடுக்க இறங்கிய ஒருவரின் கை கதவில் மாட்டிக்கொண்டது. தாத்தா கதவோடு போராடவில்லை. அந்த ஆளின் தலை தண்ணீருக்குமேல் இருக்கும்படி தாங்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் திரும்பும்வரை இரவு முழுக்க நின்றாராம்.

"இத நீங்க சொன்னதே இல்லையேப்பா."

"நீ எப்ப ஒக்காந்த?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் வானொலியில் எத்தனையோ பேரைப் பேச வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நேரம் ஒதுக்கி, குறிப்பெடுத்து, கேள்வி தயாரித்து. அப்பாவை ஒருநாளும் அப்படி உட்கார வைத்ததில்லை. பதிவுக் கருவி பையில்தான் இருந்தது. அன்று அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அப்பா வேறு மாதிரிப் பேசியிருப்பார்.

சிறிது நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "அவன் இருந்தா இந்த நேரத்துல ஏத்தவே விட்டிருக்க மாட்டான். பாசியக் கண்டாலே வண்டிய ஓரங்கட்டிட்டுத் தூங்குவான்." லோரி மாமாவைப் பற்றி அவர் இறந்த பிறகு அப்பா பேசியது அதுதான் முதல் முறை. "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"நாந்தாம்பா லேட் பண்ணேன்."

இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

தண்ணீர் தூக்கியது

பெரியவர் சொன்னபடியே, இரண்டரை தாண்டியதும் படகின் பின்பக்கம் லேசாக ஆடியது. பத்து நிமிடத்தில் முழுப் படகும் மிதந்தது. நல்லவேளை, அடைப்பானை அப்பா இன்னும் கழற்றாமல் வைத்திருந்தார். வின்ச் கொக்கியை விடுவித்து, படகை ஜெட்டி ஓரமாகக் கட்டினோம்.

பிக்கப்பின் இழுவைக் கொக்கியிலிருந்து டிரெய்லர்வரை 20 மீட்டர் இழுவை வாரைப் பூட்டினோம். வார் அறுந்தால் சாட்டைபோல வந்து அடிக்கும் என்பதால், அதன் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டார் பெரியவர். எல்லாரையும் வாரின் நேர்கோட்டிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். வண்டி காய்ந்த சமதளத்தில் நின்றதால், ஓர் அசைவில் டிரெய்லர் படியேறி வந்துவிட்டது. சக்கரத்தில் சேறு. வேறு சேதமில்லை.

மணி 4.30. ரேம்பின் பச்சைக் கோடு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அதற்குமேல் இருந்த சொரசொரப்பான சிமெண்டில் பிக்கப்பின் நான்கு சக்கரங்களும் நிற்க, டிரெய்லர் மட்டும் தண்ணீரில். இம்முறை கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்து ஒரே முயற்சியில் இறக்கினேன். அப்பா படகை ஏற்றினார். வின்ச், பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் பூட்டினார். பிறகு நான் கேட்காமலேயே ரேம்பைவிட்டு ஏறிவந்து, கண்ணாடியில் எனக்கு நன்றாகத் தெரியும்படி ஜெட்டிமேல் நின்றார்.

'எல் 4.' முதல் கியர். வானொலியை அணைத்தேன். அந்த நேரம் என் நிகழ்ச்சியில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

படகு தண்ணீரைச் சொட்டிக்கொண்டே மேலே வந்தது. சக்கரம் ஒருமுறைகூடச் சுழலவில்லை.

பெரியவருக்கு இரண்டு செனாங்கினையும் கொடுத்தோம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நீங்களும் போவதாக இருந்தால்

கேரித் தீவுக்குக் குடும்பத்தோடு போகலாம். மா மெரி கிராமத்தைப் பார்க்கலாம், நண்டு சாப்பிடலாம், பாலத்தருகே தூண்டில் போடலாம். படகோடு போகிறவர்களுக்கு மட்டும் நான் கற்றதைச் சொல்கிறேன்.

கடல் பெருக்கு அட்டவணையைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம். நம் அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீரியல் மையம் ஒவ்வோர் ஆண்டும் அதை வெளியிடுகிறது. இறங்கும் நேரத்தைவிட ஏறும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெருக்கு நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரக் கணக்கு இந்த வாரத்துக்கு உதவாது.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் படகு, இயந்திரம், எண்ணெய், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன். பிக்கப் இரண்டு டன். எட்டுக்கு ஒன்று சரிவில் இந்த மூன்று டன்னை மேலேற்ற, 375 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவை. இயந்திரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அந்த விசையைத் தரைக்குக் கொடுக்க வேண்டியது டயர். சரக்கில்லாத பிக்கப்பின் பின்பகுதி லேசானது. அதுவும் பாசியில் நின்றால், எத்தனை குதிரைத் திறன் இருந்தும் சக்கரம் சுழல மட்டுமே செய்யும். எனவே ரேம்பில் இறங்கும் முன்பே நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். சறுக்கினால் எக்சலேட்டரை மேலும் அழுத்தாமல் விட்டுவிடுங்கள்.

சக்கரத்துக்கு வைக்க இரண்டு கட்டைகள் வண்டியிலேயே இருக்கட்டும். ரேம்பின் சிமெண்டு எங்கே முடிகிறது என்று தண்ணீர் வற்றிய நேரத்தில் ஒருநாள் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுப்பதற்கான சாலை விதிகளைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீடு திரும்பியதும் டிரெய்லரையும் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இழுக்கும்போது படகுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். தள்ளுகிறேன் என்று அப்பாவே சொன்னாலும் விடாதீர்கள்.

அன்றிரவு 8 மணிக்கு வீடு வந்து, போர்ட்டிக்கோவில் படகைக் கழுவினோம். அம்மா அப்பாவின் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவருக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள் அம்மா.

படகைக் கேட்டிருந்தவர் மறுநாள் அழைத்தார். அப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "நீயே சொல்லிரும்மா" என்றார்.

"என்னன்னு சொல்றது?"

"டிரெய்லருக்கு ஒரு பேரிங் மாத்தணும். மாத்திட்டுப் பாப்போம்னு சொல்லு."

பேரிங்கை மாற்றிவிட்டோம். அந்த ஆளை இன்னும் அழைக்கவில்லை. இப்போது ஞாயிறு காலைகளில், ஆளில்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வெறும் டிரெய்லரைப் பின்னால் ஓட்டிப் பழகுகிறேன். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எனக்குக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில்.